விளாவிய பானகம்

ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் காவடிக்காரர்களுக்கு அடிவாரத்தில் பானகம் கொடுப்பது என் பாவாவின், அதாவது அக்காள் கணவரின், குடும்பத்து வேண்டுதல். அன்று அம்மையார்குப்பத்தில் அவர்களுடைய தறி ஓடாது. வெல்லம் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவது பாவாவின் வேலை. கரண்டி பட்டால் வேண்டுதல் சேராது என்பது அவர் வீட்டார் நம்பிக்கை.

சென்ற ஆண்டு ஆடிக்கு முன்பே பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்களில் மஞ்சள் காமாலை பரவியிருந்தது. அசுத்தமான தண்ணீராலும் நோயாளியின் கழுவாத கையாலும் பரவும் வகை அது. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்று செவிலியர் வீடுதோறும் சொல்லிச் சென்றார். கிருத்திகையன்று நான் பந்தலுக்குப் போனபோது அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வெல்லம் கரைந்ததும், தெருக்குழாயில் பிடித்து வைத்திருந்த ஒரு குடம் பச்சைத் தண்ணீரை அக்காள் அதில் ஊற்றினாள்.

“இன்னாக்கா பண்றே?”

“விளாவுறேன். இந்த சூட்டுல எவன் குடிப்பான்?”

வெந்நீரை விளாவியே பழகிய கை அவளுடையது. கொதித்த நீரில் கலந்தால் பச்சைத் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்று நினைத்திருந்தாள்.

அதற்குள் பாவா எலுமிச்சைகளைப் பிழிந்துவிட்டு, கலக்கிக்கொண்டிருந்தார். நடுவில் இருமுறை கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவருக்கு வைத்த பொங்கல் அப்படியே இருந்தது.

“சாப்பிடலீங்களா பாவா?”

“நெய் வாசனையே குமட்டுது. ரெண்டு மூணு நாளா காய்ச்சல் வேற.”

“ஒண்ணுக்கு இன்னா நிறத்துல போகுது?”

அவர் கேலியாக அக்காளிடம் திரும்பினார். “கேட்டியா, உன் தங்கச்சி நடுரோட்டுல இன்னா கேக்கறான்னு! கடுங்காப்பி மாதிரி போகுது, டாக்டரம்மா. வெயிலு. கண்ணைப் பாரு, வெள்ளையாத்தானே கீது?”

வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் கண் மஞ்சளாவதற்கு முந்தைய நாட்களில்தான் இந்த நோய் மற்றவர்களுக்கு மிக எளிதாகத் தொற்றும். என் கணிப்பு தவறானால் ஓர் ஆண்டின் வேண்டுதல் தடைபடும். சரியானால், இதைக் குடித்தவர்கள் எத்தனையோ ஊர்களுக்கு நோயோடு திரும்புவார்கள். கொட்டிவிடச் சொன்னேன்.

“எங்க நைனா காலத்துலேருந்து ஒரு வருஷம் நின்னதில்ல. தாகத்தோட ஏறிகினு போறவங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?”

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய முதியவர் ஒருவர் அந்நேரம் டம்ளரை நீட்டினார். பாவா மொள்ளப் போய், ஈரமான தம் கையைச் சற்று நேரம் பார்த்தார்.

“இன்னும் ஆவலீங்க சாமி” என்றார். முதியவர் நகர்ந்தபின் பாவா தாமே அண்டாவைச் சாய்த்தார். அக்காள் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, மூடி பிரிக்காத கேன்களை வாங்கித் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். “இந்த வருஷம் பானகம் இல்லியா?” என்று பலர் கேட்டார்கள்.

இரத்தப் பரிசோதனை நோயை உறுதிசெய்தது; அந்த வாரமே கண்கள் மஞ்சளாயின. இதற்கெனத் தனி மருந்து இல்லை, ஓய்வே முக்கியம், கேட்காமல் எந்த மாத்திரையும் கஷாயமும் கூடாது என்றார் மருத்துவர். வீட்டிலிருந்த மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடச் சொன்னார். பாவா தேறித் தறியில் உட்காரப் பல வாரங்கள் ஆயின.

இந்த ஆண்டு கிருத்திகைக்கு முந்திய நாள் பாவா தொலைபேசியில் அழைத்தார்.

“தண்ணி கொதிக்கவெச்சு மூடியாச்சு, டாக்டரம்மா. விளாவ வேணாம், காலையில தானே ஆறிக்கும். வரும்போது நீளக் காம்புக் கரண்டி ஒண்ணு வாங்கியா. சின்னதா வாங்கிடாதே, அண்டா அடி வரைக்கும் போவணும்.”