கொக்குப் பாடம்

பிச்சுமணிக்குச் சத்தம் ஆகாது. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகுக்காக நிற்கும்போது, சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைக் கொக்குகளைப் பார்த்து உருகிப்போவார். என்ன அடக்கம், என்ன அழகு! மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து பெண்டாட்டிக்குப் பாடம் எடுத்தாரே, அதுதான் வினை.

அனந்தலக்ஷ்மி கல்பாத்திக்காரி. வாய் ஓயாது. பால்காரி மாடு கன்று போட்டதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை, இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்துவிடுவாள்.

"ஜெட்டியில கொக்கைப் பாருடி. வாயைத் திறக்கறதோ? மிண்டாதெ, பேசாம இருக்கக் கத்துக்கோ" என்பார்.

பத்து வருஷம் சொன்னார். கற்றுக்கொண்டாள். காப்பியை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். இவருக்குப் பரம திருப்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் ஆடி மாதம் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். வயிற்றில் கட்டி. "ஒரு வருஷமாவது துடிச்சிருப்பாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று டாக்டர் கேட்டார். நாலாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகுட்டி கிடையாது. அந்த வீட்டில் தன்னந்தனியாக ஒரு வருஷத்தை எப்படியோ தள்ளினார்.

வருஷ திவசத்துக்குப் பாலக்காட்டிலிருந்து அக்கா விசாலாக்ஷி வந்து சமைத்தாள். வாத்தியார் மந்திரம் சொல்லி முடித்ததும், காக்கைக்கான பிண்டத்தைக் கொல்லை மதில்மேல் வைத்தார் பிச்சுமணி. காக்கை எடுத்தால் போனவளுக்கு மனசு ஆறிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும். அரைமணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. ஒரு காக்கையைக் காணோம்.

"என்னடா ஊமையாட்டம் நிக்கறே? உரக்கக் கூப்பிடுடா!" என்றாள் அக்கா.

"கா... கா..." குரல் எழும்பவில்லை. என்ன தோன்றியதோ, மதிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அனந்தம்! என்மேல கோபமா? வாடீ! எத்தனை வேணும்னாலும் பேசு, நான் கேக்கறேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். வாத்தியார் திகைத்துப்போனார்.

எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, பிண்டத்தைக் கொத்தியது.

"அப்பாடா, எடுத்துட்டாள்! மனசு ஆறிடுத்து. வாடா, எலை போடறேன்."

பிச்சுமணி நகரவில்லை. காக்கை நிதானமாகத் தின்றது, அலகை மதிலில் துடைத்தது, பறந்துபோயிற்று.

"அக்கா," என்றார், வெறும் மதிலைப் பார்த்தபடி. "ஒரு தடவைகூடக் கத்தலையே."