கொம்பக்கா மானிட்டர் வாங்கினார்

கொம்பக்கா கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறார். கையில் கிடைப்பது எதுவானாலும் அப்படித்தான். செய்தித்தாள், பேருந்துச் சீட்டு, பிஸ்கட் உறை, பக்கத்து வீட்டுக்கு வந்த அழைப்பிதழ், எல்லாவற்றிலும் கண் முதலில் அடியில் போய் விழும். அங்கிருந்து வரி வரியாக மேலே ஏறும். உதடு அசையாது. இடது கட்டைவிரல் மட்டும் தாளின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். செய்தித்தாளை மடித்து வைத்த பிறகு "என்ன சேதி?" என்று கேட்டுப் பாருங்கள்.

"சேதியெல்லாம் எனக்குத் தெரியாது. எழுத்து சரியா இருக்கு" என்பார்.

புரூஃப் பார்ப்பது, அச்சுக்குப் போகுமுன் பிழை பிடிப்பது, அவர் தொழில். ஏன் தலைகீழாகப் படிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அர்த்தம் புரிஞ்சா கண்ணு தூங்கிடும் தோழர். மேல இருந்து படிச்சா கதை நம்மள இழுத்துட்டுப் போயிடும். கீழ இருந்து வந்தா ஒவ்வொரு எழுத்தும் தனியா நின்னு வணக்கம் சொல்லும்" என்றார்.

எங்கள் தொழிற்சங்கத்துத் துண்டறிக்கைகள் அச்சான இடத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். பெண் தொழிலாளர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தேன். 'அனைவரையும் அழைக்கிறோம்' என்று முடியும். தட்டச்சில் அது 'அனைவரையும் அழிக்கிறோம்' ஆகிவிட்டது. பொறுப்பாளர்கள் எல்லோரும் படித்தோம். எல்லோரும் தலையாட்டினோம். இவர் மட்டும் தாளோடு என் முன்னால் வந்து நின்றார். "ஏன் தோழர், முதலாளி செய்யற வேலைய நாம எதுக்கு இழுத்துப் போட்டுச் செய்யணும்?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் திரண்டு வந்தார்கள். நான் பேசிய பேச்சுக்கு வந்தார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஓர் எழுத்துக்கு வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் கண் படாமல் எங்கள் சங்கத்திலிருந்து ஒரு சுவரொட்டிகூட வெளியே போனதில்லை.

'இது ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா?' என்று எல்லோரையும் ஓயாமல் பிடுங்கியெடுத்ததால் கொம்பக்கா என்று பெயர் விழுந்தது. என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ஊரே கூப்பிடுகிற பெயரை மாற்ற எனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?

இப்போது அவர் பார்ப்பது மருந்துத் தாள்கள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்குமே, பிரித்தால் திரும்ப மடிக்க வராதே, அந்தத் தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து இருக்கும். நீங்களும் நானும் அதைப் படிப்பதில்லை. நமக்காக இவர் படிக்கிறார். எத்தனை மாத்திரை, எந்த வேளை, யாருக்குக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்தையும் தொட்டு அனுப்புகிறார். மாத்திரை விழுங்கித் தண்ணீர் குடிக்கிற யாருக்கும் இவரைத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு இந்த வேலை தருகிற நிறுவனம் ஒருநாள் வாடகைத் தளத்தைக் காலி செய்துவிட்டு, ஆளுக்கொரு மடிக்கணினியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. வீட்டிலிருந்து வேலை என்றால் சுகம் என்று பேசுகிறவர்கள் அவர் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. வெயில் நேராகத் திரையில் விழும். திரையோ ஒரு சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிது. மூலத்தையும் புரூஃபையும் அதில் பக்கம் பக்கமாக வைத்தால் எழுத்து மறைந்துவிடும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். அதைத் துரத்திக்கொண்டு வலமும் இடமும் போக வேண்டும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். தலைக்கும் கணினிக்கும் சேர்த்து ஒரு குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பும்போது துண்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"உள்ளே ஆள் மாட்டிக்கிட்டு இருக்கா? கதவைத் திறக்கணுமா?"

"போங்க அந்தப் பக்கம். வெளிச்சம் வருது."

அந்தத் துண்டுக்குள்தான் தவறு நடந்தது. 'வெறு வயிற்றில் சாப்பிடவும்' என்று இருக்க வேண்டிய வரி, 'வேறு வயிற்றில் சாப்பிடவும்' என்று போய்விட்டது. ஒரு கொம்பு கூடிவிட்டது. அச்சகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பார்த்து நிறுத்தினார். தாள் வெளியே போகவில்லை. ஆனால் சிரிப்பு வெளியே போய்விட்டது. நிறுவனத்தின் வாட்ஸப் குழுவில் ஒருவர் "மாட்டு மருந்தாக்கா? அதுக்குத்தானே நாலு வயிறு இருக்கு?" என்று கேட்டிருந்தார். இவரும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மடிக்கணினியை மூடிவைத்தார்.

அப்புறம் மேலாளர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினாராம். "இதே மருந்தோட புதுத் தாள் ஒண்ணு வரும். அதை நீங்களே பாருங்க மேடம். அதுவும் சரியா வரலைன்னா, கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கலாமே" என்றாராம்.

கொம்பக்கா இதை என்னிடம் சொன்னபோது கோபப்படவில்லை. "எடுத்துக்கலாம்னு சொல்லல தோழர். எடுத்துக்கலா'மே'ன்னார். அந்த 'மே'ல இருக்கு பாருங்க ரெட்டைக் கொம்பு, அதுதான் குத்துது" என்றார்.

பேச்சுவார்த்தை மேசைகளில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நிர்வாகத்தின் வாயில் ஓய்வு என்ற சொல் வந்தால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நல்ல மானிட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள் அக்கா" என்றேன்.

"வாங்கத்தான் போறோம். நீங்களும் கடைக்கு வாங்க. இவரைத் தனியா விட்டா தியேட்டரையே தூக்கிட்டு வந்துடுவார்."

கணவர் இஞ்சு டேப்போடு வந்திருந்தார். வண்டியை நிறுத்த அவர் போன நேரத்தில், கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கொம்பக்கா என் பக்கம் திரும்பினார்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க தோழர். ஸ்க்ரீன் சின்னதுன்னு நான் சொல்றது சாக்கு. எனக்குக் கண்ணு போயிடுச்சோன்னு பயமா இருக்கு."

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"காட்டினேன். போர்டு முழுக்கப் படிச்சேன். பார்வை நல்லா இருக்குன்னுட்டார். எப்படி நம்பறது? அந்தப் போர்டுல கொம்பு வச்ச எழுத்தே இல்லையே!"

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. திரை சரியில்லை என்றால் வேறு திரை வாங்கலாம். கண் சரியில்லை என்றால் இந்த அம்மாள் எந்தக் கடைக்குப் போவார்?

உள்ளே ஒரு பெண் எங்களிடம் வந்தார். கடைச் சட்டை, காதில் பேனா. "கேமிங்கா, ஆபீஸ் யூஸா மேடம்? எத்தனை இஞ்ச் பார்க்கறீங்க?"

"இஞ்ச் கணக்கு எனக்கு வேணாம் கண்ணு. ரெண்டு பக்கம், பக்கத்துல பக்கத்துல, தாள்ல இருக்கற அதே சைஸ்ல நிக்கணும். அதுல எது நிக்கும்னு சொல்லு."

அதற்குள் கணவர் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு திரையின் முன்னால் போய் நின்றுவிட்டார். டேப்பை நீட்டி அளந்தார். "இதை வச்சா நமக்கு ஜன்னலே வேணாம். அடைச்சிடலாம். நாலு பக்கம்கூட நிக்கும்மா!"

அக்கா அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். தவறிப்போன அந்தத் தாள் அதில் இருந்தது. கடைப்பெண் அதைத் திறந்ததும் இவர் தலையை ஆட்டினார். "இது ஆகாது. தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கண்ணு பார்க்காது, மூளைதான் பார்க்கும். நீ ஒண்ணு பண்ணு கண்ணு. இதே அளவுல நீயே அடி. வெறு, வேறு, மெல், மேல், கொடு, கோடு. ஒத்தைக் கொம்பும் ரெட்டைக் கொம்பும் கலந்து அடி. எனக்குக் காட்டாம அடி."

கடைப்பெண் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். திரையை மறைத்து நின்று அடித்துவிட்டு விலகிக்கொண்டார்.

அக்கா கடைசி வரியில் தொடங்கினார். "ஒத்தை. ஒத்தை. ரெட்டை. ஒத்தை..."

"ஒத்தையா ரெட்டையா விளையாடவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் கணவர்.

அக்கா திரும்பவே இல்லை. மேல்வரி வரை ஏறி முடித்தார். கடைப்பெண் வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். "பாதிக்கு மேல மாறிப்போச்சு மேடம்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பென் டிரைவைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டார். "சரி. வாங்க போகலாம்."

"ஏம்மா, என்னாச்சு? இது பிடிக்கலைன்னா வேற..." என்று ஆரம்பித்த கணவர் பாதியில் நிறுத்தினார். பயம் திரையைப் பற்றியது இல்லை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. மனைவியின் முக்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

அக்கா எழுந்ததும் கடைப்பெண் வழியை மறித்தார். "அக்கா, இருங்க. எனக்கும் இதுல எழுத்து சரியாத் தெரியல."

"சமாதானம் சொல்லாத கண்ணு."

"நிஜமாக்கா. இந்த சைஸ்ல எழுத்தைக் கிட்டப் போய்ப் பாருங்க, கட்டம் கட்டமா நிக்கும். பரப்பு பெருசு, ஆனா புள்ளி எண்ணிக்கை அதேதான். இழுத்துப் போர்த்தின மாதிரி. படம் பார்க்க நல்லா இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது. இதைவிடச் சின்னது ஒண்ணு இருக்கு, புள்ளி நெருக்கமா இருக்கும். பார்க்க எடுப்பா இருக்காது, அதான் உள்ளே வச்சிருக்கோம்."

கிடங்கிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். சாதாரணக் கறுப்புச் சட்டம். வளைவு இல்லை, வண்ண விளக்கு இல்லை. மின்கம்பியைத் தேடி மேசைக்கடியில் தவழ்ந்தார். முன்பு அடித்ததை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தார். வேறு வாடிக்கையாளர் இருவர் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு இங்கேயே நின்றார்.

அக்கா உட்கார்ந்தார்.

"ரெட்டை. ஒத்தை. ரெட்டை. ரெட்டை. ஒத்தை." நடுவில் ஓரிடத்தில் நின்றார். தலையைச் சாய்த்தார். "இது கொம்பே இல்ல. துணைக்கால் மட்டும் போட்டிருக்க. மாடுன்னு அடிச்சிருக்க."

"சும்மா போட்டுப் பார்த்தேன்க்கா" என்றார் கடைப்பெண். சிரிப்பை அடக்க முடியவில்லை. "எல்லாமே சரி. ஒண்ணுகூட மாறல."

"திரும்ப அடி."

திரும்ப அடித்தார். அதுவும் சரி. அக்கா நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறையில் கணவர் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

"உங்களுக்கு உப்பும் சர்க்கரையுமே ஒண்ணாத்தான் தெரியும்" என்றார் அக்கா. குரல் திரும்பிவிட்டது. உடனே வேலையில் இறங்கிவிட்டார். திரையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். கழுத்து உயருமா, இறங்குமா, தாள் நிற்கிற மாதிரி செங்குத்தாகத் திரும்புமா என்று கேட்டார். திரும்பியது.

விலை பேசவும்தான் என்னைக் கூட்டிப் போனார்கள். நான் பேசவில்லை. எத்தனையோ மேசைகளில் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் இருந்த யாருக்கும் கைகுலுக்க முதலில் நான் கை நீட்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு நீட்டினேன். விலை அதிகமான திரையை எங்கள் தலையில் கட்டிவிட்டு அவர் போயிருக்கலாம். ஒருவர் எழுந்து போக இருந்தபோது "இருங்க" என்று சொன்னார். எங்கள் இயக்கத்தில் இதைத்தான் ஆயிரம் பக்கங்களில் எழுதிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சாப்பாட்டு மேசையைத் திருப்பிப் போட்டார். ஜன்னல் இப்போது பக்கவாட்டில் இருக்கிறது. லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த இரும்புத் தாங்கியை அறுத்துத் தேய்த்து, திரையைக் கண்ணுக்கு நேராக நிறுத்திக் கொடுத்தார். நீர்மட்டக் குழாய் வைத்துச் சாய்வு பார்த்தார். கேலி பேசியதற்கு அவர் மன்னிப்பு கேட்கிற முறை அது என்று நினைக்கிறேன். பயத்தைத் தன்னிடம் சொல்லாததற்கு அக்காவைத் திட்டவும் இல்லை.

மேலாளர் சொன்ன புதுத் தாள் வந்தது. அக்கா பார்த்து அனுப்பினார். பதில் வந்த அன்று நான் அந்த மேசையோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மேலாளரே கூப்பிட்டார். அக்கா ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"மேடம், சுத்தமா இருக்கு. 'இரு வேளை'ன்னு வர வேண்டிய இடத்துல 'இரு வேலை'ன்னு இருந்ததைப் பிடிச்சிருக்கீங்க. தப்பு எங்க மூலத்துலயே இருந்திருக்கு. இங்க நாலு பேர் பார்த்தோம், ஒருத்தர் கண்ணுலயும் படல. நல்லவேளை மேடம். ரொம்ப நன்றி. அந்த ஓய்வுப் பேச்சை மறந்துடுங்க."

"சரிங்க. அடுத்தது எப்ப அனுப்பறீங்க?" என்றார் அக்கா. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னவாம்?" என்று சமையலறையிலிருந்து கணவர் கத்தினார்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்களை மூடினார். இரண்டு உள்ளங்கைகளையும் சூடு வரும்வரை தேய்த்து, மூடிய கண்களின் மேல் மெல்லப் பொத்திக்கொண்டு, வேலை முடிந்து வந்தவர்களை உட்காரவைக்கிற மாதிரி, அப்படியே வைத்திருந்தார்.