திருவாமாத்தூர் ரோட்டில் நின்ற ஆட்டோ

ஆரோக்கியசெல்வி செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தவள். கணவன் சவுரிராயன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, லைசென்ஸ் எடுத்து, விழுப்புரத்துக்கும் திருவாமாத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தாள். ஸ்டாண்டில் மற்ற ஓட்டுநர்கள் அவளுக்கு இடம் விடவில்லை. ஒருநாள் சீட்டைக் கிழித்தார்கள், இன்னொருநாள் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் நகரவில்லை. கடைசியில் அவர்களே செல்வியக்கா என்று கூப்பிடும்படி ஆயிற்று.

ஒரு பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போனாள். கரும்புக் கொல்லையை ஒட்டிய வளைவில், சந்திலிருந்து ஒரு பைக் பாய்ந்து வந்தது. பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பைக்கை அடித்து இழுத்துக்கொண்டு போனது. அதை ஓட்டிவந்த கண்ணையனின் வலது கால், ரோட்டோரக் கல்லில் சிக்கி நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

ஏறியிருந்தவர்கள் இறங்கி நடையைக் கட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும், இங்கே நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள், நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. கூட்டம் அடிக்க வந்தால் ஓட்டுநர் விலகிப்போய்ப் போலீசில் சொல்லலாம் என்று சட்டமே இடம் தருகிறது. செல்விக்கும் அது தெரியும். ஆனால் கூட்டம் இன்னும் வரவில்லை, ரத்தம் போய்க்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள்.

முடிச்சுப் போடுவதற்குள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் கண்ணையனின் தம்பி ஜெகதீசன். எதுவும் கேட்கவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்து அவள் முகத்தை ஆட்டோக் கம்பியில் மோதினான். முன்பல் ஒன்று பெயர்ந்து நாக்கில் விழுந்தது. யாரோ முதுகில் உதைத்தார்கள். கல் பட்டு முன்கண்ணாடி நொறுங்கியது. ஜெகதீசன் ஒரு கரும்பை முறித்து, அது சிதறும்வரை அடித்தான். தடுத்த இடது கை மணிக்கட்டில் ஒடிந்தது. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"அடிக்கிறதுன்னா அப்புறமா அடிச்சிக்க. உங்க அண்ணன் செத்துக்கினு இருக்காரு. ஜல்தியா தூக்கு."

கரும்பைக் கீழே போட்டான். கண்ணையனைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு அவனும் ஏறிக்கொண்டான். கண்ணாடித் தூள் மடியில் கிடக்க, ஒடிந்த கையாலேயே கிளட்சைப் பிடித்தாள். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் ஜெகதீசன் அவள் பிடரியில் குத்திக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் கண்ணையனின் காலை எடுத்தார்கள். உயிர் தங்கியது.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு செல்வி தானாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர் சீனுவாசன் லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் பார்த்தார், வண்டியைப் பரிசோதனைக்கு நிறுத்திவைத்தார், வழக்குப் பதிந்து ஜாமீனில் விட்டார். பிறகு அவள் கையைப் பார்த்து, ஊரோடு மோதாதே, கீழே விழுந்தேன் என்று எழுதிக் கொடு என்றார்.

"எம் மேல கேசு போட்டீங்க, கையெழுத்து போட்டேன். என்ன அடிச்சவன் மேலயும் போடுங்க சார்."

அண்ணனுக்காகப் புகார் கொடுக்க வந்து வாசலில் நின்ற ஜெகதீசன் காதில் அது விழுந்தது. உள்ளே பாய்ந்து அவள் வயிற்றில் எட்டி உதைத்தான். போலீஸ்காரர்கள் அவனைச் சுவரோடு அமுக்கினார்கள். சீனுவாசனின் லத்தி அவன் கெண்டைக்காலில் இறங்கியது. அவன் அலறினான். அவர் லத்தியை மறுபடியும் ஓங்கியபோது, தரையில் கிடந்த செல்வி பேசினாள்.

"அடிக்காதீங்க சார். எழுதுங்க."

சீனுவாசன் லத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் புகாரை எழுதச் சொன்னார்.

கண்ணையன் வாக்குமூலத்தில், தான்தான் பார்க்காமல் வந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டான். செல்வி மேலிருந்த வழக்கு அதோடு முடிந்தது. அடுத்த வாரமே அவன் மனைவி கிருஷ்ணவேணி வீடு தேடி வந்தாள்.

"எங்க ஊட்டுக்காரர காப்பாத்துன நீங்க, எங்க கொழுந்தனார உள்ள அனுப்பலாமாக்கா?" என்று அழுதாள்.

செல்வி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். உன் புருஷன் மேலும் கோபமில்லை, உன் மேலும் இல்லை என்றாள்.

"நான் நின்னு பதில் சொன்னேம்மா. அவனும் சொல்லட்டும்."

ஜெகதீசனுக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. செல்வி சந்தோஷப்படவில்லை. மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. மழை நாளில் கிளட்ச் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறாள்.