கடை முகவரியில் குடியிருந்த லயம்

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நல்ல மனிதரை அவருடைய கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இங்கே மலேசியாவில், செரண்டாவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். கையுறையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்த வேலையை விட்டு அசாம் ஜாவா பக்கம் குடிவந்த பிறகு, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வறுமையைப் பற்றி விவரம் சேகரிக்கும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். குழு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு பெண்கள், மூணு மோட்டார் சைக்கிள், அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். வீடு வீடாகப் போய் ஃபார்ம் நிரப்புவோம், அதை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கேட்க வேண்டியதைக் கேட்போம்.

நான் சொல்லும் தோட்டம் கோலசிலாங்கூர் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சாலை முனையில் பாய் கடை. அதைத் தாண்டினால் தோட்டத்து கேட், அங்கே காவலுக்கு ஒரு ஜாகா. கேட்டிலிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நெடுநேரம் போனால் இரண்டு லயங்கள், ஒட்டி ஒட்டி வரிசையாக முப்பதுக்குக் கொஞ்சம் மேல் வீடுகள். தோட்டம் கைமாறிக் கைமாறி இப்போது ஏதோ ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. மரத்துக்கடியில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். லயத்தில் இன்னும் நம் ஆட்கள்தான்.

இரண்டாவது லயத்தில் ஏழாவது வீடு. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணும் அவளுடைய பத்தொன்பது வயது மகளும் மட்டும். மகளுக்குப் பிறவியிலிருந்தே நடக்க வராது, பேச வராது. கணவன் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. நான் போனதும் அவள் அவசர அவசரமாகக் கோப்பி கலக்கி, தட்டில் பிஸ்கட் அடுக்கிக் கொண்டுவந்தாள்.

"மூணு வேளையும் சாப்பிடுறீங்களா?"

"சாப்பாட்டுக்கு என்னக்கா குறை? எல்லாம் இருக்கு."

"பிள்ளைய யாரு பாத்துக்குறா?"

"நான்தான்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தபோதுதான் மகள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கவனித்தேன். முதுகுச் சாய்மானத்தில் ஒரு பழைய கைலி முடிச்சுப் போட்டுத் தொங்கியது. மகளின் இடுப்பில், சட்டை விலகிய இடத்தில், பட்டையாகச் சிவந்த தடம்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அம்மாக்காரி பிஸ்கட் தட்டை எடுக்கக் குனிந்தாள். நான் நகரவில்லை. தொழிற்சாலையில் பழகிய பழக்கம், பதில் வராமல் நான் நகரமாட்டேன். கடைசியில் உடைந்துபோனாள்.

"காலையில நர்சரிக்குப் போறேன்க்கா, பையில மண்ணு ரொப்புற வேல. மத்தியானம் வந்துருவேன். அது வரைக்கும் விழுந்துறக் கூடாதுல்ல? கட்டிப்போட்டுட்டுப் போறேன். பெத்த புள்ளய கட்டிப்போட்டுட்டுப் போற பாவி நான்."

நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு மாதாமாதம் அரசாங்க உதவி இருக்கிறதே, ஏன் கேட்கவில்லை என்றேன். மூன்று தடவை மனுக் கொடுத்தாளாம். ஒரு தடவைகூட சூராட், அதாவது பதில் கடிதம், வரவில்லையாம். அந்த உதவி வந்தால் அவள் வேலைக்குப் போக வேண்டாம், மகளைக் கட்டவும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சூராட் எங்க வரும்?"

"பாய் கடைக்குத்தான். இங்க எல்லாருக்கும் அங்கதான் வரும்."

தபால்காரர் கேட்டுக்குள்ளே வருவதில்லை. அதனால் எந்தக் காலத்திலோ ஆரம்பித்த வழக்கம் இது, ஐசி என்கிற அடையாள அட்டையில் தொடங்கிப் பள்ளிக்கூடம் வரை லயத்தில் எல்லோரும் பாய் கடை முகவரியைத்தான் கொடுப்பார்கள். பாய் கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். சாமான் வாங்க வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! மோட்டாரை ஓட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். அரிசி வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

"ஒரு பொம்பள மூணு தடவ மனு போட்டு மூணு சூராட்டும் காணோம். என்ன பாய், மடிச்சுக் கடலை கட்டிட்டீங்களா?"

பாய்க்கு அறுபது வயதிருக்கும். முகம் சுருங்கிப்போயிற்று. டின்னை எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, நீயே பாரு."

உள்ளே கடிதங்கள் வீட்டுவாரியாகப் பிரித்து ரப்பர் போட்டிருந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டுச் சீட்டில் வந்த தேதி. ஏழாவது வீட்டுக்கு ஒன்றுமே இல்லை. இப்படி ஒழுங்கு வைத்திருக்கும் மனிதர் கடிதத்தைத் தொலைப்பாரா என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் வீம்பு விடவில்லை. "பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவளுடைய ஐசி நகலை எடுத்துக்கொண்டு சமூக நல அலுவலகம் போனேன். கவுண்ட்டரில் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது, மரியாதையானவள். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அக்கா முறை வைத்து மலாயில் சொன்னாள்:

"கக், இந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் உதவி வாங்குகிறது. ஒரு முகவரிக்கு ஒரு குடும்பம்தான். இரண்டாவது மனு வந்தால் இதுவே தள்ளிவிடும். கடிதம் போகாது."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பாய் கடை முகவரி. உதவி வாங்குபவர் முதல் லயத்துப் பெரியவர் ஒருவர். அவருக்குப் பிறகு லயத்திலிருந்து யார் மனுப் போட்டாலும், அந்தப் பெரியவர் வீட்டிலேயே இருப்பவர் மறுபடி கேட்கிறார் என்று கணக்காகிவிட்டது. அத்தனை வீடுகளும் ஒரே வீடு! யாருக்கும் தெரியாது. ராசி இல்லை, ஆள் பலம் இல்லை, எவனோ கெடுத்துவிட்டான் என்று அவரவர் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள்.

என் பையில் நான் நிரப்பிய ஃபார்ம்கள் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து புரட்டினேன். முகவரிக் கட்டத்தில், முப்பது தாளிலும், என் கையெழுத்தில், அதே கடை முகவரி. ஊசி முனை ஓட்டையைப் பிடிக்கிறவளாம்! ஒரே வரியை முப்பது தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட உறைக்கவில்லை. பாயைத் திட்டிய வாயில் நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"வீட்டு முகவரிக்கு ஆதாரம் கொண்டுவாருங்கள். தண்ணீர் பில், இல்லையென்றால் மின்சார பில்" என்றாள் அந்தப் பெண். அங்கேதான் சிக்கல். லயத்துக்குத் தண்ணீரும் கரண்டும் தோட்டம் மூலமாக வருகின்றன. எந்த வீட்டின் பெயரிலும் பில் கிடையாது. தோட்டத்து ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் ஒரு கடிதம் கேட்டேன். இவர் இந்த லயத்தில் குடியிருக்கிறார் என்று ஒரே ஒரு வரி.

அவரும் நம் ஆள்தான். உட்காரச் சொல்லி, தேத்தண்ணி ஆர்டர் பண்ணி, நிதானமாகவே பேசினார். "லெட்டர் குடுக்க முடியாதும்மா. இந்த நெலத்துல வீடு கட்டப் போறாங்க. நாளைக்கு அந்த லெட்டர கோர்ட்டுல காட்டி, நாங்க போகமாட்டோம்னு உக்காந்துட்டா யாரு பதில் சொல்றது?"

"இருக்குறவங்கள இருக்காங்கன்னு சொல்லத்தானே கேக்குறேன், சார்?"

"அதத்தான் சொல்ல முடியாது."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அன்றைக்கு எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. இந்த ஏழாம் வீட்டை அரசாங்கக் கண்ணில் காட்டாமல் நான் ஓயப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்களைக் கூப்பிட்டோம். மகளைத் தனியாக விட முடியாதே, அதனால் ஏழாவது வீட்டிலேயே கூட்டம். விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்குத் தலையில் கை வைத்தார்கள். இந்த வீட்டைச் சொல்லும் அரசாங்கக் காகிதம் ஏதாவது, யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஐசி? கடை முகவரி. பள்ளிக்கூடம்? கடை முகவரி. ஓட்டு? அதுவும்தான்.

ஏழாம் வீட்டுக்காரிதான் எழுந்து போய், மகளின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள். அதில் ஒரு பழைய கிளினிக் புத்தகம். பிள்ளை வயிற்றில் இருந்தபோது கொடுத்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். தோட்டத்தின் பெயர், இரண்டாவது வரிசை, கதவு எண் ஏழு. கீழே கிளினிக் முத்திரை. பக்கத்தில் பேனாவால் ஒரு சின்ன வரைபடம்: கடை, கேட், கோயில், லயம், ஏழாவது கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.

"ஏன்டீ, இதுல மட்டும் எப்படி கடை அட்ரஸ் வரல?" என்றேன்.

"நர்ஸ் மிஸ்ஸி நேரா வீட்டுக்கு வரணும்லக்கா, புள்ள பெத்த பிறகு. பாய் கடைக்குப் போயா தொப்புள பாப்பா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். பிள்ளை பெறாத வீடு எது? மைலோ டின்னிலிருந்தும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் புத்தகங்கள் வந்தன. தரையில் பரப்பினோம். வெவ்வேறு வருடம், வெவ்வேறு மிஸ்ஸி, வெவ்வேறு பேனா. எல்லா வரைபடமும் பாய் கடையில் தொடங்கி, ஒவ்வொன்றும் வேறு வேறு கதவில் போய் முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் தேடிய ஆதாரத்தை அரசாங்கமே தன் கையால் வரைந்து, தோட்டம் முழுக்கக் கொடுத்து வைத்திருந்தது.

நகல்களைக் கட்டாக எடுத்துப் போய்க் கவுண்ட்டரில் வைத்தேன். அந்தப் பெண் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் புரட்டிப் பார்த்து, பழைய புத்தகமாயிற்றே என்றார்.

"துவான், வீடு நடந்து எங்கேயும் போய்விடவில்லை" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன், ஆனால் கதவில் எண் இருக்க வேண்டும் என்றார். அன்றைக்கே லயம் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதினோம். இரண்டு நாளில் மேனேஜர் உத்தரவு, ஜாகா வந்து வெள்ளை அடித்துவிட்டார். மறுபடி எழுதினோம். மறுபடி அடித்தார். மூன்றாவது முறை அந்த ஜாகா, பாவம் நேப்பாளத்துக்காரர், பெயிண்டில் ஏகத்துக்கும் தண்ணீர் கலந்து ஒரே பூச்சுப் பூசிவிட்டுப் போனார். எண்கள் உள்ளேயிருந்து பளிச்சென்று தெரிந்தன. வேலையை முடித்துவிட்டதாக ஆபீசில் சொல்லிவிட்டாராம்.

அலுவலகத்திலிருந்து ஆள் வரும் அன்று காலையில் நான் போனபோது, வீடு பளபளவென்றிருந்தது. நாற்காலியில் கைலியைக் காணோம்.

"எங்க அது?"

"ஒளிச்சு வச்சுட்டேன்க்கா. என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"நீ எல்லாம் இருக்குன்னு சொன்னா அவங்களும் எல்லாம் இருக்குன்னுதான் எழுதிட்டுப் போவாங்க. நானே அப்படி எழுதுனவதானே?"

அவள் கோப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். நான் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன், மேலே வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? கவுண்ட்டர்ப் பெண்ணே நேரில் வந்தாள். கோப்பி வந்தது, பிஸ்கட் வந்தது. மகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவள் கேட்டதும், இவள் உள்ளே போய் அந்தக் கைலியை எடுத்துவந்து நாற்காலியின் மேல் வைத்தாள். தனக்குத் தெரிந்த மலாயில், "நான் வேலைக்குப் போகும்போது இதில்தான் கட்டிவிட்டுப் போகிறேன்" என்றாள். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

பிறகு காத்திருந்தோம். நாங்கள் நாலு பேரும் முறை போட்டுச் சில காலைகள் அந்த மகளோடு போய் இருந்தோம். தினமும் முடியவில்லை. அதற்கிடையில் ஒருநாள் பாய் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடு தங்கச்சி" என்றார். ஆனால் நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சுத்தானே அட்ரஸ் குடுத்தேன். என் கடைதான் இத்தன வீட்டையும் மறச்சுக்கிட்டு நின்னுச்சா?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் அவரே போன் பண்ணினார்.

"தங்கச்சி, ஏழாம் வீட்டுக்கு சூராட் வந்துச்சு. நான் வாங்கல."

"ஐயோ, ஏன் பாய்?"

"அதுல என் கடை அட்ரஸ் இல்லியே! தபால்காரன் வழக்கம்போல இங்க வச்சுட்டுப் போகப் பாத்தான். இது என்னுது இல்ல, வீட்டுக்குப் போயி குடுன்னுட்டேன். ஜாகாகிட்டயும் சொல்லிட்டேன், கேட்ட தொறந்துவிடச் சொல்லி. நீ போ."

மோட்டாரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது ஏழாம் எண் கதவுக்கு வெளியே, உரியவள் கையிலேயே கொடுக்க, தபால்காரர் கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே நாற்காலியில் மகள் மட்டும், இடுப்பில் கைலியோடு. பக்கத்து வீட்டுப் பெண் நர்சரிக்கு ஓடியிருந்தாள். வேலை வாங்கும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கையெல்லாம் மண்ணோடு, அம்மாக்காரி மூச்சு வாங்க வந்து நின்றாள். மண் படும் என்று கடிதத்தைத் தொடவில்லை.

"நீங்க படிங்கக்கா."

உறையின் மேல் இருந்ததிலிருந்து தொடங்கினேன். அவள் பெயர். கதவு எண் ஏழு, இரண்டாவது வரிசை.

"அத இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

படித்தேன். பிறகு பிரித்து, உதவி கிடைத்துவிட்டது என்ற வரியையும் படித்தேன். அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். மண் கையோடேயே மகளின் முதுகுக்குப் பின்னால் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கமான முடிச்சு, கொஞ்ச நேரம் பிடித்தது. தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மறுநாள் காலையில் அவள் நர்சரிக்குப் போகவில்லை.