இரண்டாம் கியரிலேயே போன கார்

சாலையில் ஏதாவது ஒரு என்ஜின் இரண்டாம் கியரில் கத்திக்கொண்டே போனால் என் கை நின்றுவிடும். ஸ்பேனர் போல்ட்டின் மேல் இருக்கும், காது சாலையில் இருக்கும். அடுத்த கியர் விழ வேண்டும். சத்தம் ஒரு கணம் அறுந்து, கீழே இறங்கி, மறுபடி நிமிர வேண்டும். அது விழும்வரை எனக்கு மூச்சு முழுதாக வராது. இருபது வருஷமாக இப்படித்தான். காரணம் ஒரு கார், அதில் நான் பொருத்திய ஒரு லிவர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

சார்ஜாவில் கற்றது

பாலிடெக்னிக் முடித்த வருஷம் மேட்டூரில் காலத்தோடு தண்ணீர் திறக்கவில்லை. அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டார், நான் விமானம் ஏறினேன். சார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருஷம், கியர்பாக்ஸ் மட்டும்தான் என் வேலை. வார விடுமுறைக்கு முந்தின நாள் வசதியான வீட்டுப் பையன்கள் கார்களோடு வருவார்கள். மறுநாள் பாலைவன ரோட்டில் பந்தயம். அவர்கள் கேட்பது சீக்வென்ஷியல் ஷிஃப்டர்.

சாதாரண மேனுவல் வண்டியில் கியர் லிவர் இடம், வலம், முன், பின் என்று நான்கு பக்கமும் அலையும். சீக்வென்ஷியல் மாட்டினால் முன்னும் பின்னும் மட்டுமே. பின்னால் இழுத்தால் அடுத்த கியர், முன்னால் தள்ளினால் முந்தைய கியர். மோட்டார் சைக்கிளில் காலால் செய்வதைக் காரில் கையால் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிவருக்கு அடியில் வளைந்து வளைந்து பள்ளம் வெட்டிய உருளை ஒன்று இருக்கும். டிரம் என்போம். ஒவ்வொரு இழுப்புக்கும் அது ஒரு பல் திரும்பும். பள்ளத்தில் ஓடும் சின்ன முளை ஒன்று, கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியை நகர்த்தும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு நேர்கோடு, லேசாகப் போகும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் அந்த முளை குறுக்கே தாண்ட வேண்டும். அந்த இடத்தில் லிவர் கனக்கும்.

அந்தப் பையன்களுக்கு லிவர் குட்டையாக இருக்க வேண்டும். குட்டையானால் அசைவு குறையும், ‘டக்’கென்று விழும். கனம் கூடும்தான், ஆனால் அவர்கள் கையில் பலம் இருந்தது. குட்டை லிவர்தான் அழகு என்று நானும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை ரோட்டில் ஒர்க்‌ஷாப் போட்டேன். டிராக்டர் வந்தது, மினி லாரி வந்தது, திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் வந்தன. சீக்வென்ஷியல் கேட்டு நான்கு வருஷம் ஒருவரும் வரவில்லை.

பாதி மடங்கிய விரல்கள்

ஐந்தாவது வருஷம் சாதிக் பாய் வந்தார். பேராவூரணிக்காரர். சார்ஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர், அங்கேயே எனக்குப் பழக்கம். லீவில் ஊருக்கு வந்தபோது, குடும்பத்துத் தேங்காய் மண்டியில் லாரியைப் பின்னால் எடுக்கையில் சுவருக்கும் லாரிக்கும் நடுவே அவர் இடது கை மாட்டிக்கொண்டது. இரண்டு ஆபரேஷன். மணிக்கட்டுக்குள் பிளேட். மணிக்கட்டு அசையாது, விரல்கள் பாதிதான் மடங்கும். அப்படியே விசா போயிற்று, கடை கைமாறிற்று. மிச்சம் இருந்தது ஊரில் வாங்கி நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் கார். ஏழாயிரம் ஆர்.பி.எம். வரை தயங்காமல் சுற்றும் ஜப்பான் என்ஜின். அன்று அதை ஓட்டி வந்தவர் அவர் மனைவியின் தம்பி ஜபருல்லா.

“கேளுங்க செல்வம். மச்சானுக்கு டீ கிளாஸப் புடிக்கவே ரெண்டு கை வேணும். இந்த ராக்கெட்ட ஓட்டப் போறாராம்,” என்றார் ஜபருல்லா.

“ஒனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு மாப்ள? வர்ற வழியில மூணு எடத்துல ஆஃப் பண்ணிட்டு முழிச்சியே,” என்றார் சாதிக் பாய்.

“ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கிக்கிட்டா என்னவாம்? கால வச்சா போவுது.”

“அது என்னயக் கூட்டிட்டுப் போற வண்டி. இது நான் கூட்டிட்டுப் போற வண்டி.”

ஜபருல்லா சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: “அக்கா ரொம்பப் பயப்படுது செல்வம். திருச்சியிலேருந்து ஒரு பார்ட்டி வண்டிய வாங்க வர்றாங்க. ரெண்டு வாரம் கழிச்சு, சனிக்கிழம, சாயந்திரம் அஞ்சு மணிக்கு. அதுக்குள்ள இவரு தனியா, தஞ்சாவூர்லேருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா வண்டி போவுது. இதான் பேச்சு.”

மணிக்கட்டை வளைக்காமல் முன்னும் பின்னும் மட்டும் நகர்த்த, சாதிக் பாய் கேட்டது சீக்வென்ஷியல். அதற்கான கிட்டைச் சார்ஜாவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் பேரீச்சம்பழ டப்பாக்களுக்கு நடுவே கொண்டுவந்தார். அதில் லிவர் இரண்டு இருந்தன, நீளமாக ஒன்று, சாண் உயரத்தில் ஒன்று. நீளமானதை நான் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

கன்சோலைப் பிரித்து டிரம் பெட்டியை மாட்டினேன். லிங்க் ராடுகளை நூல் நூலாகச் சரிசெய்தேன். ரிவர்ஸ் தவறி விழாமல் இருக்க ஒரு லாக், எந்தக் கியர் என்று காட்ட டாஷ்போர்டில் ஒரு சிவப்பு எண். வெர்னியர் வைத்து அளக்காத இடம் இல்லை. முடித்துவிட்டு நானே வல்லம் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். டக், டக், டக். ஒவ்வொன்றும் பூட்டில் சாவி விழுவது போல. ஆளில்லாத ரோட்டில் நான் மட்டும் சிரித்துக்கொண்டே போனேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

டெலிவரி

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி. ஜபருல்லா தன் ஜீப்பில் சாதிக் பாயை அழைத்து வந்திருந்தார்.

“ஒக்காருங்க மச்சான், பாப்போம்,” என்று காரின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

என்ஜினை இன்னும் கிளப்பவில்லை. சாதிக் பாய் கிளட்சை மிதித்து, பாதி மடங்கிய விரல்களை லிவருக்குப் பின்னால்... இல்லை, முன்னால் கொடுத்து இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றுக்கு முதுகையே சீட்டுக்குள் அழுத்தித் தோளால் இழுத்தார். டக். நெற்றியில் வியர்வை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

“சூப்பர் செல்வம்,” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“வீட்ல பிரியாணிக்குச் சொல்லிட்டேன். அஞ்சுக்குள்ள வந்தா ஒங்களுக்கு. வரலேன்னா திருச்சிக்காரங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு ஜபருல்லா ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போனார்.

பின்னாலேயே வெள்ளைக் கார் கிளம்பியது. நான் மண்ணெண்ணெய்த் தட்டில் கையை விட்டு பேரிங் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது விழும் என்று காத்திருந்தேன். பெட்ரோல் பங்க்கைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. வயல்வெளியில் நூலாக மெலிந்து காதிலிருந்து நழுவும்வரை அது இரண்டிலேயே போனது.

பேராவூரணிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். கையைக்கூடத் துடைக்காமல் பைக்கை எடுத்தேன்.

பாலத்துக் கட்டை

குறுவை அறுப்பு நேரம். பாதி ரோட்டில் நெல் காய்ந்தது, ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். ஒரத்தநாட்டுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலத்தருகே கார் பானட்டைத் திறந்தபடி நின்றது. ரேடியேட்டர் ஆவியின் தித்திப்பு வாசனையும் வெயில்பட்ட நெல்லின் வாசனையும் கலந்து வந்தன. காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, “இந்தாப்பா, ஒங்க வண்டியா இது? அது கத்துன கத்துல என் நெல்லு காயாமலே பொரிஞ்சிருக்கும்,” என்றார்.

சாதிக் பாய் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. விரல்களின் உட்பக்கம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“ஏன் பாய் சொல்லல?”

“அவன் ஜன்னல்ல நிக்கிறான். என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?”

“ஷாப்புல மூணு விழுந்துச்சே.”

“அது முதுகால போட்டது. ஓடுற வண்டியில முதுகப் பின்னால தள்ளுனா கிளட்சுலேருந்து கால் நழுவுது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு பண்ணுவோமா செல்வம்? நீங்க ஊர் எல்லை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. அங்க நான் மாறிக்கறேன். வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டாவதுலயே போயிடுவேன். யாருக்குத் தெரியப்போவுது?”

மறைக்க வேண்டாம், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கார் விற்காது. என் வேலையும் தப்பில்லை என்று ஆகிவிடும். மூன்று பேரும் சேர்ந்து பிரியாணி சாப்பிடலாம். அதற்குள் அந்தக் கையின் மேல் பார்வை போனது.

“நாளைக்கு, பாய்? நாளைக்கு யாரு கூட வருவா?”

அவர் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார்.

“கையக் குடுங்க,” என்றேன்.

இரண்டு வாரமாக அந்தக் காரில் எல்லாவற்றையும் அளந்தவன், அந்தக் கையைத் தொட்டதே அப்போதுதான். என் உள்ளங்கையை நீட்டித் தள்ளச் சொன்னேன். தள்ளினார். ஓர் அடி பின்னால் போனேன். தோளில் அப்படியொரு பலம். என் விரல்களைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். அவர் விரல்கள் என் விரல்கள் மேல் வழுக்கிக்கொண்டு போயின, ஈரச் சோப்பைப் பிடித்தது போல. முதல் நாளே, நட்டு ஒன்றையும் கழற்றுவதற்கு முன்பே, அரை நிமிஷத்தில் நான் செய்திருக்க வேண்டிய சோதனை அது. கையால் பிடிக்க முடியாதவருக்குப் பிடித்து இழுக்கிற லிவரைப் பொருத்தியிருந்தேன், அதிலும் கனமான குட்டை லிவர். சோதித்தது என் கையால்.

வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்து, என்ஜின் ஆறியதும் ரேடியேட்டரை நிரப்பினோம். பைக்கை அந்த அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, காரை ஒர்க்‌ஷாப்புக்கே திருப்பி நான் ஓட்டினேன். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் பக்கத்து சீட்டிலிருந்து அவர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி ஓட்டியதில் எனக்கு வெட்கம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

கொம்பு

பெட்டியிலிருந்து நீள லிவரை எடுத்தேன். நீளம் கூடினால் அசைவு கூடும், கனம் குறையும். அதன் உச்சியில் குமிழ் வைக்கவில்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் ஒன்றைத் திறந்த வாய் மேலே பார்க்க வெல்டு வைத்து, சைக்கிள் டியூபைச் சுற்றினேன். கை மேலிருந்து போல்ட்டின் இரண்டு காலுக்கும் நடுவே இறங்கி உட்காரும். உள்ளங்கை முன் காலைத் தள்ளும், புறங்கை பின் காலைத் தள்ளும். எதையும் பிடிக்க வேண்டாம், எடுக்க நினைத்தால் கை உடனே வெளியே வரும். டியூப் சுற்றும் முன், அவர் கை அகலத்துக்கு மூன்று தடவை சூடு காட்டி வளைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஆற வைத்து, அவர் கையை வைத்துப் பார்த்து.

“பந்தய வண்டியில மாட்டுக் கொம்ப வச்சிட்டீங்களே செல்வம்.”

“கொம்பு இருந்தா எதுக்க வர்றவன் ஒதுங்குவான் பாய்.”

காலையிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்தார்.

பின்பக்க வயல் ரோட்டில் நான்கு சுற்று. முதல் சுற்றில் மூன்று விழவில்லை, கையை அவசரமாக எடுத்துவிட்டார். இரண்டாம் சுற்றில் புறங்கையால் பின்னே தள்ளினார், விழுந்தது. முன்னே தள்ளி மறுபடி இரண்டு. கடைசிச் சுற்றில் நான்குவரை போய்ப் படிப்படியாக இறங்கி வந்து நின்றவர், ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு உள்ளேயே சற்று நேரம் இருந்தார். அந்த வெயிலில் ஏன் ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குக் கால் மணி முன்பே கார் வீட்டு வாசலில் நின்றதாம். திருச்சிக்காரர்களுக்கும் பிரியாணி போட்டுத்தான் அனுப்பினார்களாம். மறுநாள் ஜபருல்லா போனில் சொன்னார். காலையில் மச்சான் தவித்ததைக் ஜன்னலில் நின்று தானும் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். சாதிக் பாயை அதன்பின் நான் பார்க்கவில்லை. சில வருஷம் கழித்துக் குடும்பத்தோடு மலேசியா போய்விட்டார் என்று கேள்வி.

இந்த வேலையில் நான் கற்ற பாடம் இவ்வளவுதான். வண்டியை அளக்கும் முன் கையை அளந்துவிடுங்கள். வாடிக்கையாளர் நம் முகத்தைப் பார்க்காமல் ‘சூப்பர்’ என்று சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள். அன்றிலிருந்து யார் கார் எடுத்தாலும், அந்த வண்டியின் மூன்றாவது கியர் காதில் விழும்வரை வாசலை விட்டு நான் நகர்வதில்லை.

அந்தப் பழக்கத்தை எனக்கு விட்டுப்போனவர் சாதிக் பாய்தான். அன்று அவர் கிளம்பியபோது மணி மூன்றாகப் போகிறது. இருவரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. காரைச் சாலையில் ஏற்றி நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கொம்புக்குள் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நேராகப் பார்த்தார்.

“உள்ள போயிடாதீங்க செல்வம். இங்கயே நின்னு கேளுங்க. மூணு விழட்டும், அப்புறமா போயி சாப்புடுங்க.”