சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி ஒரு சாலை

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் சர்வே வேலையில் கம்பு பிடிக்கிறவனாக இருந்தேன். சிம்பாங் அம்பாட் கடைத்தெருவில் லாரிகள் நெருக்கியடித்ததால், ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சாலை போடலாமா என்று அளக்கப் போயிருந்தோம். அளவுக் கோடு ரப்பர் தோட்டத்துக்குள் ஓடியது. சர்வேயர் கருவிக்குப் பின்னால் நிற்பார். அவருக்குக் காவலாக, துப்பாக்கியோடு இரண்டு மாத்தாக்கள். போலீஸ்காரர்களை அப்படித்தான் சொல்வோம். நான் மட்டும் சிவப்பு வெள்ளைக் கம்போடு தூரத்தில், மரங்களுக்கு நடுவே தனியாக நிற்க வேண்டும். பால்வெட்டுக்காரர்கள்கூட அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

ஒரு காலையில் முதுகுப் பக்கம் சருகு நொறுங்கியது.

"அசையாத. திரும்பாத."

தமிழ்க் குரல். மரத்தின் மறைவில் நின்றிருந்தான். கடைக்கண்ணில் துப்பாக்கிக் குழாய் மட்டும் தெரிந்தது.

"யாருக்குடா இந்த ரோடு? பட்டாளத்துக்கா?"

"லாரி போறதுக்குண்ணே. ஊருக்குள்ள இடமில்ல, அதான்."

நம்பினானா தெரியவில்லை. கம்பை நழுவவிட்டால் மாத்தாக்கள் ஓடிவருவார்கள், சுடுவார்கள். நடுவில் நிற்பது நான். கம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. சர்வேயர் கருவியில் வைத்த கண்ணை எடுக்காமலே, நேராகப் பிடி என்று கையை உயர்த்திக் காட்டினார். மனிதர் ஒன்றும் அறியாமல் அளந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

"நாளைக்கு உன்னை இங்க பார்க்கக் கூடாது" என்றான். சருகுச் சத்தம் விலகிப் போனது. அது அடங்கிய பிறகும் நான் திரும்பவில்லை.

அன்றைய அளவு முடிந்தது என்று சொல்லி, சர்வேயர் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினார். ஸ்டேஷனில் நானே நடந்ததைச் சொன்னேன். ஏன் கத்தவில்லை, அவனை முன்பே தெரியுமா, சாப்பாடு கொடுத்தாயா என்று இன்ஸ்பெக்டர் மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டார். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்ததாகச் சந்தேகம் விழுந்தாலே உள்ளே தள்ளிவிடுவார்கள். தோட்டத்தில் பயந்ததைவிட அங்கேதான் அதிகம் பயந்தேன்.

கடைசியில் சர்வேயர், தானும் பார்த்ததாகச் சொல்லி என்னை மீட்டார். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"கருவிக் கண்ணாடியில துப்பாக்கி தெரிஞ்சிச்சு தம்பி. நான் பதறியிருந்தா மாத்தா சுட்டிருப்பான். அதான் அளக்கிற மாதிரியே நின்னேன்."

அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

அந்தச் சாலைத் திட்டத்தை அதோடு மூட்டை கட்டினார்கள். என்னைத் தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம் அனுப்பினார்கள். கடலோரம், மறைவே இல்லாத வெட்டவெளி. அங்கேயும் கம்பு பிடித்து நிற்கையில் பின்னால் யாராவது இருமினால் நான் திரும்பாமல் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.