ஜீப்பை அரியலூரிலேயே நிறுத்துங்க

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஓர் ஆய்வுக் குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பிறந்தவுடன் அழாத குழந்தைகளின் மூளை வளர்ச்சி பின்னால் எப்படி அமைகிறது என்று தொடர்ந்து பார்ப்பதுதான் ஆய்வு. படித்துப் பட்டம் வாங்கியிருந்தேனே தவிர, ஆய்வு என்றால் என்னவென்று தெரியாது. சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பேராசிரியை. மேடம் என்போம்.

முதல் நாள் ஒரு குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தசை டோன் அதிகமா இருக்கு மேடம், விறைப்பா இருக்கு" என்றேன். அவர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"ஐஸ்கட்டியாட்டம் இருக்கு உன் கை. புள்ள ஏன் விறைக்காது? நல்லாத் தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு அப்புறம் தொடு."

தொட்டுப் பார்த்தேன். கால் பூவாக மடங்கியது.

டீக்கடை டாக்டர்

குழுவில் என்னோடு சேர்ந்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரரான டாக்டர் ரஹ்மத். பிறந்த கதையைக் கேட்டு எழுதுவது என் வேலை. குழந்தையைச் சோதிப்பது அவர் வேலை. எந்தக் குழந்தை அழாமல் பிறந்தது, எது நன்றாக அழுது பிறந்தது என்று அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கண் அதையே தேடும் என்பார் மேடம். அதனால் பிறப்பு விவரத்தை நாங்கள் பேச ஆரம்பித்தாலே, "ரஹ்மத், போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

"சரோஜாம்மா, இந்த ஆராய்ச்சி முடியறதுக்குள்ள எனக்கு வயித்துல புண்ணு வந்துடும்" என்று அவர் என்னிடம் புலம்புவார். ஆனாலும் ஒரு நாள்கூட கதவருகில் நின்று ஒட்டுக்கேட்டதில்லை.

மூடிய கதவு

செந்துறைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் செல்வமணி என்ற பெண்ணின் ஆண் குழந்தை அழாமல் பிறந்திருந்தது. பிறந்த கதையைக் கேட்க முதலிரண்டு தடவை நானும் மேடமும் போனபோது மோர் கொடுத்து உட்காரவைத்தவள், மூன்றாம் தடவை கதவைத் திறக்கவில்லை. அன்று சோதிக்க வந்திருந்த ரஹ்மத், எதுவும் காதில் விழாதபடி ஜீப்பிலேயே இருந்தார். நான் மட்டும் வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளிருந்தே பேசினாள்.

"போயிடுங்க டாக்டரம்மா. உங்க ஜீப்பு வந்து நின்னா ஊரே கூடிடுது. மூளை சரியில்லாத புள்ள இருக்கற வூடுன்னு பேராயிப்போச்சு. என் நாத்தனாரப் பொண்ணு பாக்க வந்தவங்க அதக் கேட்டுட்டு அப்படியே திரும்பிட்டாங்க. புள்ளையப் பாத்து எழுதிட்டுப் போறீங்க. நாங்கதான இங்க இருக்கோம்?"

ஜீப்பை நோக்கித் திரும்பி நடந்தேன். வேப்பமரத்தடியில் நின்றவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரியலூர் திரும்பியதும் ரஹ்மத் டீக்கடைக்குப் போக, நான் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். "ஒரு குழந்தைதானே மேடம், விட்டுடலாமா?"

"நம்மளப் பாத்துக் கதவ மூடுறது எந்த வூடு? கஷ்டம் அதிகமா இருக்கற வூடு. அதையெல்லாம் விட்டுட்டு, திறந்த வூட்டை மட்டும் பாத்தா எல்லாப் புள்ளைங்களும் நல்லா இருக்காங்கன்னுதான் நமக்குத் தோணும். ஆராய்ச்சியே பொய்யாயிடும்" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு கேட்டது நியாயம். நம்மாலதான் அவ வூட்டுக்கு அந்தப் பேரு" என்றார்.

அடுத்த வாரம் ஜீப்பை அரியலூரிலேயே விட்டுவிட்டு மூவரும் பஸ்ஸில் போனோம். மேடம் செல்வமணி வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. தெருமுனையில் பால் சொசைட்டி வாசலில் பெஞ்சு கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தெருவுல இருக்கற எல்லாக் கைக்குழந்தையையும் பாக்கப் போறோம். தூக்கிட்டு வாங்க" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க நன்றாகப் பிறந்த குழந்தைகளும் எங்களுக்குத் தேவைதான். அதுவரை அவர்களை ஆஸ்பத்திரியில் தேடிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள்! பவுடர் பூசி, மை வைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் வந்தார்கள். "என் மவனுக்குத் தல பெருசாங்க?" "எம் பொண்ணு கெட்டிங்க, நல்லாப் பாருங்க." பெருமை பொங்கியது.

வெயில் ஏறிய பிறகு, செல்வமணி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். மேடம் என் காதருகே, "முகத்துல எதையும் காட்டிடாத, ரஹ்மத் கண்டுபிடிச்சிடுவாரு" என்றார். நான் சொசைட்டி சுவரில் எழுதியிருந்த பால் விலையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரஹ்மத் அந்தக் குழந்தையை மற்றவர்களைப் போலவேதான் கொஞ்சினார். கிலுகிலுப்பையைக் காட்டினார். குழந்தை இடக்கையால் பிடித்தது. வலப்பக்கம் காட்டினார், மறுபடி இடக்கை. வலக்கை மூடியபடியே இருந்தது. ரஹ்மத்தின் சிரிப்பு மெல்ல நின்றது.

அவர் மேடத்திடம் தனியாக வந்து, "வலது கையும் காலும் இறுக்கமா இருக்கு மேடம். இப்பவே பயிற்சி ஆரம்பிக்கணும். ஆனா நாம பயிற்சி கொடுத்தா நம்ம ஆய்வோட முடிவு மாறிடாதா?" என்று கேட்டார்.

"மாறட்டும். கொடுத்தோம்னு அதையும் சேத்து எழுதிக்குவோம். தெரிஞ்சுக்கிட்டே ஒரு புள்ளையச் சும்மா விட்டுட்டு வர எனக்குத் தெரியாது."

செல்வமணியிடம் நான்தான் சொன்னேன். அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள். அந்தக் குட்டிக் கையை எப்படித் திறந்து நீவுவது, இடக்கையை மெல்லப் பிடித்துக்கொண்டு வலக்கையில் பொம்மையை எப்படிக் கொடுப்பது என்று காட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். பின்னால் அவர்களும் ஆளுக்கொரு தடவை நீவிவிட்டதாகச் செல்வமணி சொன்னாள்.

அந்தப் பையன் மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் நடந்தான். வலக்காலைக் கொஞ்சம் இழுத்துதான் நடந்தான். ஆனால் பேச்சில் ஊரை விற்றுவிடுவான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த செய்தியைச் சொல்ல அவனைக் கூட்டிக்கொண்டு செல்வமணியே அரியலூருக்குப் பஸ் ஏறி வந்தாள். நாத்தனாருக்கும் அரும்பாவூரில் நல்ல இடம் அமைந்துவிட்டதாம்.

பிற்பாடு நானும் பலருக்குப் பயிற்சி கொடுத்தேன். முதல் கிராமப் பயணத்துக்கு வண்டி தரமாட்டேன். பஸ்ஸில் நசுங்கி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார்கள். எத்தனை குழந்தையைப் பார்த்தோம் என்று ஆர்வமாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்வேன். பிறகு, "இன்னிக்கு எந்த வூட்டுல கதவு திறக்கல?" என்று கேட்பேன். அதிலிருந்துதான் பாடத்தை ஆரம்பிப்பேன்.